தொலைவில் இருக்கும் ஆப்ஜெக்ட்: ஜாவா ஆர்.எம்.ஐ. பயிற்சி நாட்குறிப்பு

2 ஜூன் 2025, திங்கள்

ஜாவா 21 நிறுவிய இரண்டு உபுண்டு மடிக்கணினிகளும் ஒரே வைஃபையும் இருந்தால் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். ஆர்.எம்.ஐ. என்றால் ரிமோட் மெதட் இன்வொகேஷன். 1997-ல், ஜாவா நிரல் எழுதும் கருவித்தொகுப்பான ஜேடிகேயின் 1.1 பதிப்புடன் வந்தது. புதிதாகச் சேவை எழுதுபவர்கள் இன்று ஜிஆர்பிசி, ரெஸ்ட் போன்ற வேறு முறைகள் பக்கம் போய்விடுகிறார்கள். ஆனாலும், வேறொரு கணினியில் இருக்கும் ஆப்ஜெக்டின் மெதடை அழைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று படிக்க ஆர்.எம்.ஐ. அருமையான இடம். வெளி லைப்ரரி எதுவும் வேண்டாம், ஜேடிகே போதும்.

முதலில் மூன்று கோப்புறைகள்: பொது, சர்வர், கிளையன்ட். பொதுவில் 'கணக்கு' என்ற இன்டர்ஃபேஸ். அது ரிமோட் இன்டர்ஃபேஸை எக்ஸ்டெண்ட் செய்யவேண்டும். இருப்பு, வரவு என்று இரண்டு மெதட்கள். இரண்டுமே ரிமோட்எக்ஸெப்ஷன் எறியும் என்று அறிவிக்கவேண்டும். ஒன்றில் அதை எழுத மறந்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. சர்வரை ஓட்டி, ஆப்ஜெக்டை எக்ஸ்போர்ட் செய்யும் (வெளி அழைப்புகளுக்குத் திறந்துவிடும்) வரியில்தான் எக்ஸ்போர்ட்எக்ஸெப்ஷன் வந்து விழும். இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்யும் கிளாஸ் மட்டும் அதை அறிவிக்கத் தேவையில்லை.

3 ஜூன், செவ்வாய்

சர்வர் பக்கத்தில் மூன்றே வரி. யூனிகாஸ்ட்ரிமோட்ஆப்ஜெக்ட் கிளாஸின் எக்ஸ்போர்ட்ஆப்ஜெக்ட் மெதடுக்கு நம் ஆப்ஜெக்டையும் போர்ட் எண் 0-வையும் கொடுத்தால் ஸ்டப் (கிளையன்ட் பக்கம் நின்று அழைப்பைச் சர்வருக்கு அனுப்பும் பிரதிநிதி) திரும்பி வரும். லோகேட்ரெஜிஸ்ட்ரி மூலம் போர்ட் 1099-ல், பெயரைச் சொன்னால் ஸ்டப்பைத் தரும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் தொடங்கி, அந்த ஸ்டப்பை "கணக்கு" என்ற பெயரில் ரீபைண்ட் செய்யவேண்டும். ரீபைண்டுக்குப் பதிலாக பைண்ட் போட்டால், பெயர் ஏற்கெனவே இருக்கும் நேரத்தில் ஆல்ரெடிபவுண்ட்எக்ஸெப்ஷன் வரும்.

அந்த 0-வை விட்டுவிடக் கூடாது. ஆப்ஜெக்டை மட்டும் வாங்கும் பழைய வடிவமும் ஜேடிகேயில் இன்னும் இருக்கிறது. அது ஆர்எம்ஐசி என்ற பழைய கருவி உருவாக்கிய ஸ்டப் கிளாஸைத் தேடும். ஆர்எம்ஐசியே ஜேடிகே 15-ல் நீக்கப்பட்டுவிட்டதால் ஸ்டப்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன்தான் கிடைக்கும். ஜாவா 5 முதல் ஸ்டப்பை ஓடும்போதே டைனமிக் ப்ராக்ஸியாக ஜாவா செய்துகொள்கிறது. ஆகவே, ஆர்எம்ஐசி ஓட்டச் சொல்லும் பாடக்குறிப்பு எதிர்ப்பட்டால் அந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

ஒரு சோதனை: கிளையன்ட் ஸ்டப்பை வாங்கியபின் சர்வரில் அந்தப் பெயரை அன்பைண்ட் செய்து நீக்குங்கள். அழைப்பு தொடர்ந்து வேலை செய்யும். முகவரி கேட்கும் முதல் தடவைக்கு மட்டும்தான் ரெஜிஸ்ட்ரி வேண்டும்.

4 ஜூன், புதன்

ஒரே கணினியில் ஓடியதை இன்று இரண்டு கணினிகளுக்குப் பிரித்தாயிற்று. ஆர்.எம்.ஐ. படிக்கும் பெரும்பாலோர் கைவிட்டுப் போகும் இடம் இதுதான். லுக்அப் (ரெஜிஸ்ட்ரியில் பெயரைத் தேடுவது) ஒழுங்காக நடக்கிறது, ஸ்டப் வருகிறது. ஆனால் இருப்பைக் கேட்டதும் "127.0.1.1-க்கு இணைப்பு மறுக்கப்பட்டது" என்ற பொருளில் கனெக்ட்எக்ஸெப்ஷன். சர்வரின் முகவரியைச் சரியாகக் கொடுத்திருக்க, 127.0.1.1 எங்கிருந்து வந்தது?

கிளையன்டில் ஸ்டப்பை அப்படியே பிரிண்ட் செய்து பாருங்கள். ப்ராக்ஸி, அதற்குள் இன்வொகேஷன் ஹேண்ட்லர், அதற்குள் யூனிகாஸ்ட்ரெஃப், அதற்குள் எண்ட்பாயிண்ட், அதில் 127.0.1.1, பக்கத்தில் ஒரு போர்ட் எண், கடைசியில் ஆப்ஜெக்ட் ஐடி. அந்த ஒரு வரியில் விடை இருக்கிறது. ஸ்டப் தன் வீட்டு முகவரியைத் தனக்குள்ளேயே எழுதிக்கொண்டு வருகிறது. அதை எழுதியது சர்வர். சர்வர் தன் பெயருக்கு என்ன ஐபி என்று தன்னையே கேட்டது. உபுண்டு, டெபியன் கணினிகளின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சொந்தப் பெயருக்கு நேராக 127.0.1.1 என்றே பொதுவாக இருக்கும். கிளையன்ட் அதை நம்பித் தன் கதவையே தட்டுகிறது.

தீர்வு: சர்வரைத் தொடங்கும் கட்டளையில் ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம் என்ற ப்ராப்பர்ட்டிக்கு, கிளையன்டால் எட்டக்கூடிய ஐபியைக் கொடுக்கவேண்டும். நிரலுக்குள் வைப்பதென்றால் முதல் எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே வைக்கவேண்டும். கிளையன்ட் பக்கம் இதை வைத்துப் பயனில்லை.

அடுத்த தடை ஃபயர்வால். போர்ட் 0 என்றால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காலி போர்ட் அமையும். 1099-ஐ மட்டும் திறந்தால் லுக்அப் போகும், அழைப்பு போகாது. எக்ஸ்போர்ட்டுக்கு 5001 போல ஓர் எண்ணை நிலையாகக் கொடுத்து இரண்டையும் திறந்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரி, சர்வர் ஓடும் அதே ஜேவிஎம்முக்குள் (ஜாவா ப்ராசஸுக்குள்) ஓடினால் ஆப்ஜெக்டையும் 1099-லேயே எக்ஸ்போர்ட் செய்யலாம், ஒரு கதவு போதும்.

5 ஜூன், வியாழன்

ஆர்குமென்ட் எப்படிப் போகிறது? எக்ஸ்போர்ட் ஆன ரிமோட் ஆப்ஜெக்டாக இருந்தால் அதன் ஸ்டப் போகும். மற்றதெல்லாம் சீரியலைஸ் ஆகி (பைட்டுகளாக மாறி) நகலாகப் போகும். ஒரு லிஸ்டை அனுப்பி, சர்வரில் அதில் நான்கு வரிகளைச் சேர்த்தால் கிளையன்டின் லிஸ்ட் மாறாது. சேர்த்தது வேண்டுமென்றால் ரிட்டர்ன் மதிப்பாகத்தான் திரும்பி வரவேண்டும். சீரியலைசபிள் இல்லாத கிளாஸை அனுப்பினால் மார்ஷல்எக்ஸெப்ஷன், அதன் வயிற்றுக்குள் நாட்சீரியலைசபிள்எக்ஸெப்ஷன். ஆர்.எம்.ஐ.யில் எந்தப் பிழை வந்தாலும் வெளிப்பெயரோடு நின்றுவிடாமல் 'நெஸ்டட்' என்று கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

சர்வர் கிளையன்டைத் திரும்ப அழைக்க, கிளையன்டும் ஒரு லிஸனரை (அழைப்புக்குக் காத்திருக்கும் ஆப்ஜெக்டை) எக்ஸ்போர்ட் செய்து அனுப்பலாம். அப்போது நேற்றைய ஹோஸ்ட்நேம், போர்ட் சிக்கல் எல்லாம் கிளையன்ட் பக்கமும் வரும். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கிளையன்டை வெளியே இருக்கும் சர்வரால் சும்மா எட்டமுடியாது.

6 ஜூன், வெள்ளி

மெதட் ஒவ்வொன்றும் ரிமோட்எக்ஸெப்ஷன் என்று ஏன் கத்தவேண்டும்? மறைத்துவிட்டால் நிரல் அழகாக இருக்காதா? சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வகத்தில் ஜிம் வால்டோவும் உடன் மூவரும் 1994-லேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்கள். தாமதம், நினைவக அணுகல், பாதித் தோல்வி, ஒரே நேர இயக்கம் என்ற நான்கிலும் தொலை ஆப்ஜெக்ட் வேறு சாதி, அதை உள்ளூர் ஆப்ஜெக்ட் போலக் காட்டுவது ஆபத்து என்பது அவர்கள் வாதம். பாதித் தோல்வியைக் கண்ணால் பார்த்தால் அந்த வாதம் புரியும்.

வரவு மெதடில் 500 ரூபாயைக் கோப்பில் எழுதியபின் 20 வினாடி தூங்கும்படி வையுங்கள். கிளையன்ட் அழைத்த பத்தாவது வினாடியில் சர்வரை கில் மைனஸ் 9 கொடுத்துக் கொல்லுங்கள். கிளையன்டுக்கு அன்மார்ஷல்எக்ஸெப்ஷன் வரும், உள்ளே பெரும்பாலும் ஈஓஎஃப்எக்ஸெப்ஷன். பணம் ஏறிவிட்டது, பதில் மட்டும் வரவில்லை. கிளையன்ட் "தோல்வி" என்று நினைத்து மறுபடி அழைத்தால் கணக்கில் 1,000.

கனெக்ட்எக்ஸெப்ஷன் என்றால் இணைப்பே கிடைக்கவில்லை, மறுபடி அழைக்கலாம். அன்மார்ஷலும் மார்ஷலும் அப்படியல்ல. அழைப்பு சர்வரைத் தொட்டிருக்கலாம், தொடாமலும் இருக்கலாம். எல்லா எக்ஸெப்ஷனையும் ஒரே கேட்ச்சில் பிடித்து மூன்று முறை முயலும் நிரலைப் பணம் தொடர்பான இடத்தில் எழுதவே கூடாது. வரவு மெதடுக்கு இன்னொரு பாராமீட்டர் சேர்த்து, முதல் முயற்சிக்கு முன்பே கிளையன்ட் ஒரு யூயூஐடியை (மறுபடி வராத தனி அடையாள எண்ணை) உருவாக்கி, ஒவ்வொரு முயற்சியிலும் அதையே அனுப்பவேண்டும். அதே ஐடி மறுபடி வந்தால் சர்வர் பணத்தை இன்னொரு முறை ஏற்றக் கூடாது. சர்வர் அந்த ஐடியையும் புதிய இருப்பையும், எழுதினால் இரண்டும் இல்லையேல் எதுவுமில்லை என்றபடி ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில் எழுதவேண்டும். தனித்தனியாக எழுதினால் இரண்டுக்கும் நடுவில் சர்வர் சாகக்கூடும்.

இன்னொன்று: சர்வரைக் கொல்லாமல் அதன் வைஃபையைத் துண்டித்துப் பாருங்கள். கிளையன்ட் அசையாமல் காத்திருக்கும். பதிலுக்கான கால வரம்பு இயல்பாக 0, அதாவது வரம்பே இல்லை. கிளையன்டில் சன்.ஆர்எம்ஐ.ட்ரான்ஸ்போர்ட்.டிசிபி.ரெஸ்பான்ஸ்டைம்அவுட் என்ற ப்ராப்பர்ட்டிக்கு மில்லிவினாடியில் மதிப்பு கொடுங்கள்.

9 ஜூன், திங்கள்

இரண்டு கிளையன்ட்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கு 1,000 முறை 1 ரூபாய் வரவு வைத்தால் 2,000 வரவேண்டும். குறைந்தால் ஆச்சரியப்படவேண்டாம். அழைப்புகள் வெவ்வேறு த்ரெட்களில் (ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி இழைகளில்) வரும், எது எந்த த்ரெட் என்று ஆர்.எம்.ஐ. எந்த வாக்குறுதியும் தருவதில்லை. பூட்டுப் போடுவது நம் வேலை.

சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, சில நேரம் கழித்து நோசச்ஆப்ஜெக்ட்எக்ஸெப்ஷன் வந்தால் பயனில்லாத ஆப்ஜெக்டுகளை நினைவகத்திலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்டர் நம் ஆப்ஜெக்டை அள்ளிவிட்டது என்று பொருள். எக்ஸ்போர்ட் செய்ததாலேயே ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்காது. ரெஜிஸ்ட்ரியையும் ஆப்ஜெக்டையும் ஸ்டாடிக் ஃபீல்டில் பிடித்து வையுங்கள். தொலைவில் ஸ்டப் வைத்திருக்கும் கிளையன்டுக்கு இயல்பாக 10 நிமிட குத்தகை (ஆப்ஜெக்டை அள்ளாமல் வைத்திருக்கும் தவணை) உண்டு, பாதி நேரத்தில் அது தானே புதுப்பித்துக்கொள்ளும். கிளையன்ட் செத்துப்போனால் புதுப்பிக்க ஆளில்லாமல் குத்தகை காலாவதியாகும்.

10 ஜூன், செவ்வாய்

பழைய பாடக்குறிப்புகளில் வரும் செக்யூரிட்டிமேனேஜர் (நிரலின் அனுமதிகளைக் கட்டுப்படுத்திய பழைய காவல்) வரிகளை நீக்கிவிடலாம். ஜாவா 17-லேயே அதற்கு ஓய்வு அறிவித்தாயிற்று, 24-ல் அது நிரந்தரமாகச் செயலிழந்தது. உண்மையான காவல் சீரியலைசேஷன் ஃபில்டர். வெளியிலிருந்து வரும் பைட்டுகள் ஆப்ஜெக்டாக மாறும்போதே தீங்கான நிரல் ஓடிவிட வாய்ப்புண்டு, அது நம் மெதட் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். ஜாவா 9 முதல் எக்ஸ்போர்ட்ஆப்ஜெக்டுக்கு மூன்றாவது ஆர்குமென்டாக ஃபில்டர் கொடுக்கலாம். நம் பொது பேக்கேஜும் ஜாவாவின் அடிப்படை மாட்யூலும் மட்டும் அனுமதி, கடைசியில் ஆச்சரியக்குறியும் நட்சத்திரமும் இட்டு மீதி எல்லாம் மறுப்பு. பாராமீட்டரை வெறும் 'ஆப்ஜெக்ட்' என்று பொதுவாக அறிவிக்காமல் குறிப்பிட்ட வகையாக எழுதுங்கள். 1099-ஐ இணையத்துக்குத் திறந்து வைக்கவே வேண்டாம்.