பெல்ட் கணக்கு

ஜூன் 14, 2024. தக்கலை

யூனிபார்ம் தைக்கிற அக்கா, "பிள்ளைக்கு ரெண்டு தோளும் ஒண்ணுபோல இல்லியே" என்றார். வீட்டில் குனிந்து காலைத் தொடச் சொன்னேன். வலப்பக்க விலா மட்டும் மேடாக எழும்பி நின்றது. தினமும் இவளுக்குத் தலை பின்னுகிறேன், முதுகைப் பார்த்ததே இல்லை.

ஜூன் 19

எக்ஸ்ரேயில் முதுகெலும்பு வளைவு 28 டிகிரி. 10 தொட்டால்தான் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது, என்ற பெயரே. 25 தாண்டி, வளர்ச்சியும் பாக்கி இருந்தால் பெல்ட். இவளுக்கு 12 வயது. வளர வளர வளைவும் கூடலாம். புத்தகப் பையாலா என்று கேட்டேன். இல்லையாம், பெரும்பாலும் காரணமே தெரியாதாம். மாமியாருக்குத் தெரிந்திருக்கிறது: நான் இவளை எப்போதும் இடது இடுப்பில் தூக்கியதுதான்!

ஜூலை 8

பெல்ட் என்பது பேருக்குத்தான். அக்குளிலிருந்து இடுப்புவரை பிளாஸ்டிக் கூடு, பின்னால் மூன்று வார். உள்ளே தையலில்லாத பனியன். ஒரு சுருக்கம் இருந்தாலும் தோலில் வரியாகப் பதிகிறது. வாரில் பேனாக் கோடு போட்டிருக்கிறார்கள், அதுவரை இழுக்கணும். நான் இழுக்கும்போது கட்டில் காலைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஜூலை 27

தினம் 18 மணி நேரம் என்று உத்தரவு. காலண்டரில் குறிக்கிறேன்: 11, 14, 9. பள்ளிக்கூடத்துக்குப் போடவே மாட்டாளாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வைப் படித்தேன். பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. போடாதவர்களில் 48 சதவீதம். மணி கூடக்கூடப் பலனும் கூடியது. அந்த 48தான் உறுத்துகிறது. போடாமலே பாதிப்பேர் தப்பிக்கிறார்களே! இவள் எந்தப் பாதி என்று யார் சொல்வது?

ஆகஸ்ட் 11

பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை, வர்ம ஆசானிடம் போனோம். அப்பாவின் தோளைச் சரிசெய்தவர். விரலால் முதுகெலும்பைக் கீழ்வரை தடவிப் பார்த்தார். "இது சுளுக்கு இல்ல மக்களே. அந்தப் பெல்ட்ட விட்டுராத." காசு வாங்கவில்லை. அன்று ராத்திரி அவளே பெல்ட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

டிசம்பர் 14

30 டிகிரி. வயிறு கலங்கிப்போனது. டாக்டர் சிரித்தார். அளப்பதிலேயே 5 டிகிரி முன்னே பின்னே வருமாம். 3 சென்டிமீட்டர் வளர்ந்தும் வளைவு நின்றிருக்கிறது, நிறுத்தத்தான் பெல்ட், நிமிர்த்த இல்லை என்றார். ஆனால் கூடு இடுப்பில் இடிக்கிறது, புதுசுக்கு அளவெடுக்கணும்.

பழசை என்ன செய்ய என்று கேட்டாள். "கோழிய அடை வைக்கலாம்" என்றார் மாமியார்.