வலது புருவத்தில் ஒரு தழும்பு

ரோமுக்குப் போகிறோம் என்று சொன்னதும் எங்கள் பங்குக் கோயிலில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், கொலோசியம் பார்ப்பீங்களா? மறைக்கல்வி வகுப்புச் சுவரில் தொங்கிய படம் அப்படி. நடுவில் முழந்தாள் போட்ட குடும்பம், சுற்றிலும் சிங்கம். பார்த்தோம். நல்ல வெயில், செம கூட்டம். கிறிஸ்தவர்களை இங்கேதான் கொன்றார்கள் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது என்று வழிகாட்டி சொன்னதும் குழுவில் பாதிப் பேருக்கு முகம் வாடிவிட்டது. கி.பி. 64-இல் ரோம் தீப்பிடித்து எரிந்த பழியைப் பேரரசன் நீரோ கிறிஸ்தவர்கள்மேல் போட்டுக் கொன்றபோது கொலோசியமே கட்டப்படவில்லை. அந்தக் கொலைகள் நடந்தது வத்திக்கான் பக்கம் இருந்த மைதானத்தில் என்கிறார்கள், பேதுரு சதுக்கத்தின் நடுவில் நிற்கிற கல்தூண் அந்த மைதானத்தில் நின்றதுதான். 2022 மே 15 அன்று நம் குமரி மறைசாட்சி (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்) தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்ததும் அதே சதுக்கத்தில்.

சரி, நான் எழுத வந்தது மூன்றாம் நாள் அப்பியா சாலைக்குப் போனதைப் பற்றி.

ஊருக்கு வெளியே போகும் பழைய ரோமானியச் சாலை அது. தொடக்கத்திலேயே ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. வேதகலாபனைக்கு, அதாவது கிறிஸ்தவர்களை அரசு துன்புறுத்தியதற்குப் பயந்து ரோமை விட்டு ஓடிய சீடர் பேதுரு, எதிரே நடந்து வந்த இயேசுவைப் பார்த்து "ஆண்டவரே, எங்கே போகிறீர்?" என்று கேட்டாராம், "மறுபடியும் சிலுவையில் அறையப்பட ரோமுக்கு" என்று பதில் வந்ததாம். மரபுக் கதைதான். உள்ளே பாதச்சுவடு பதிந்த கல் ஒன்று இருக்கிறது, அதுவும் நகல், அசல் பக்கத்தில் செபஸ்தியார் கோயிலில். அம்மா நகலையே தொட்டு முத்தி செய்துகொண்டார். பேதுருவே ஓடினார் என்று ஒரு கோயிலைக் கட்டி வைத்திருக்கிறார்களே என்று அப்போது லேசாகத் தோன்றியது, அப்புறம் மறந்துவிட்டேன்.

அங்கிருந்து சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் பாதையில் நடந்தால் கலிஸ்து கல்லறைகள். சலேசியன் சபையார்தான் பார்த்துக்கொள்கிறார்கள். படியிறங்க இறங்க வெயில் எங்கே போனதென்றே தெரியவில்லை, அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எரிமலைச் சாம்பல் இறுகிய மென்மையான கல், அதைக் குடைந்து நடைபாதை, இரண்டு பக்கச் சுவரிலும் அலமாரித் தட்டு மாதிரி அடுக்கடுக்காகக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஓர் உடலைத் துணியில் சுற்றி வைத்து, பலகைக் கல்லோ ஓடோ வைத்துப் பூசியிருக்கிறார்கள். சில குழிகள் என் முழங்கை நீளம்தான். குழந்தைகள். அந்த இடத்தில் குழுவில் யாரும் பேசவில்லை. மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர் பாதை, நான்கு தளம், ஐந்து லட்சம் பேர்வரை அடக்கம் என்கிறார்கள்.

"இங்கேதான் ஒளிஞ்சு வாழ்ந்தாங்களா பிரதர்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். வழிகாட்டி சிரித்துவிட்டார். இது கல்லறைத் தோட்டம், இருப்பது அரசாங்கத்துக்கும் தெரியும், வந்து செபம் செய்துவிட்டுப் போவார்கள், யாரும் குடியிருக்கவில்லை என்றார். ஆனால் 257-இல் பேரரசன் வலேரியன் காலத்தில் கிறிஸ்தவர்கள் இங்கே கூடுவதற்கே தடை வந்தது. அடுத்த ஆண்டு, 258 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, திருத்தந்தை சிக்ஸ்துவைக் கல்லறையில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தபோதே பிடித்து, தியாக்கோன்கள் (குருவுக்கு அடுத்த நிலைத் திருத்தொண்டர்கள்) நால்வரோடு தலையை வெட்டினார்கள்.

திருத்தந்தையர் அறை நடுத்தர வீட்டுக் கூடம் அளவுதான் இருக்கும். மூன்றாம் நூற்றாண்டின் ஒன்பது பாப்பரசர்களை அங்கே அடக்கியிருக்கிறார்கள். 1854-இல் தெ ரோசி என்கிற தொல்லியல் அறிஞர் கண்டுபிடித்தது. அவர் இந்த இடத்துக்கு வந்த கதைதான் எனக்குப் பிடித்தது. 1849-இல் இங்கே மேலே இருந்த திராட்சைத் தோட்டத்தில் ஓர் உடைந்த பளிங்குத் துண்டு அவர் கண்ணில் பட்டிருக்கிறது, அதில் "...னேலியுஸ் மறைசாட்சி" என்று மட்டும் இருந்தது, முன்பாதி இல்லை. பாப்பரசர் கொர்னேலியுவாகத்தான் இருக்கும், அவர் கல்லறை கீழேதான் இருக்கும் என்று பிடிவாதமாக நின்று, அந்த நிலத்தை வாங்கும்படி அப்போதைய பாப்பரசர் 9-ஆம் பத்திநாதரிடம் போராடி, மீதித் துண்டையும் தோண்டி எடுத்துவிட்டார்.

கொர்னேலியுவின் கல்லறைக்கு எங்களைக் கூட்டிப் போகவில்லை, எங்கள் சுற்றில் அது இல்லை. ஆனால் என் மனது அங்கேதான் நின்றுவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ரோமப் பேரரசன் டேசியுஸில் தொடங்க வேண்டும்.

பொறுப்பேற்ற கையோடு டேசியுஸ் ஓர் ஆணை போட்டான். பேரரசில் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்து, அதிகாரிகள் முன்னால் படையலை உண்டு, சர்டிபிகேட் வாங்கிக்கொள்ள வேண்டும். முடியாது என்ற திருத்தந்தை பபியான் 250 ஜனவரியில் உயிரை விட்டார். அந்தச் சர்டிபிகேட்டுகளில் நாற்பதுக்கும் மேல் எகிப்து மணலிலிருந்து கிடைத்திருக்கின்றன. ஒன்றை நான் படித்திருக்கிறேன். 250 ஜூன் 26 தேதியிட்டது. இன்ன ஊர், இன்னார் மகன் தியோகெனஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு. எப்போதும் பலி கொடுத்து வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னால் கொடுத்தேன், சான்றளிக்க வேண்டுகிறேன். அவ்வளவுதான். இவர் கிறிஸ்தவரா என்று அதில் இல்லை, எல்லாரும் வாங்க வேண்டிய தாள் அது. என்னை உலுக்கியது அந்தத் தழும்பு. நம் டி.சி.யில் அங்க அடையாளம் என்று எழுதுவார்களே, அப்படியே.

கிறிஸ்தவர்களில் நிறையப் பேர் பயந்து பலி கொடுத்தார்கள். இன்னும் சிலர் பலி கொடுக்காமலே காசு கொடுத்துத் தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை, நமக்குச் சிங்கம்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் உண்டு.

1950-இல் குடியரசுத் தலைவர் போட்ட ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கினால் சேரி மாறாது, கிணறு மாறாது, சலுகை மட்டும் போய்விடும். அப்பா தன் சர்டிபிகேட்டில் கிறிஸ்தவர் என்றே வைத்துக்கொண்டு கடைசிவரை கொத்தனாராக இருந்தார். சித்தப்பா "இந்து ஆதிதிராவிடர்" என்று வாங்கி அரசு வேலைக்குப் போனார். கோயிலில் ஒரு பெயர், ஆபீசில் ஒரு பெயர். "பேப்பருக்காகச் சாமியை வித்தவன்" என்று அப்பா அவரோடு பேச்சை விட்டுவிட்டார். என் காலேஜ் பீஸ் கட்டியது அந்தச் சம்பளம்தான், அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா வாங்கினார். சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் விட்டதில்லை. கடைசி பெஞ்ச். நன்மை (நற்கருணை) வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது அவர் மட்டும் உட்கார்ந்தே இருப்பார். அவரைப் போகக் கூடாது என்று யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

251-இல் கலாபனை ஓய்ந்ததும் திருச்சபைக்கு வந்த சண்டை இதே சண்டைதான். தாள் வாங்கியவர்கள் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். நொவாசியன் என்கிற குருவானவர், மறுதலித்தவனுக்கு மன்னிப்பே கிடையாது என்று நின்று, போட்டிப் பாப்பரசராகவே ஆகிவிட்டார். தவம் செய்யட்டும், சேர்த்துக்கொள்வோம் என்றார் கொர்னேலியு. கார்த்தேஜில் ஆயர் சிப்பிரியானும் அந்தப் பக்கமே சாய்ந்தார், தாள் மட்டும் வாங்கியவனையும் பலி கொடுத்தவனையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்றார். அந்தச் சிப்பிரியானே 250-இல் ஊரை விட்டு ஒளிந்து இருந்தவர்தான். பிறகு கொர்னேலியு 253-இல் நாடுகடத்தப்பட்ட இடத்தில் செத்தார், சிப்பிரியான் 258-இல் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தார். வளைந்தவர்களைச் சேர்த்துக்கொண்ட இரண்டு பேரும் வளையாமல் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. விலை கொடுத்தவர் அவர், அவருக்குக் கோபப்பட உரிமை இருந்தது. நொவாசியனுக்கும் இருந்திருக்கும்.

கீழேயே ஒரு சிற்றறையில் எங்கள் சாமியார் பூசை வைத்தார். ரோமுக்கு வந்திருக்கிறோமே என்று பழைய புனிதர்கள் பெயரைச் சொல்லிப் போகும் முதலாம் நற்கருணை மன்றாட்டை எடுத்தார், ஊரில் யாரும் எடுப்பதில்லை, நீளம். லீனுஸ், கிளேத்து, கிளமெந்து, சிக்ஸ்து, கொர்னேலியு, சிப்பிரியான் என்று அடுத்தடுத்து வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா திரும்பிப் பார்த்து, குளிரா என்றார்.

மேலே வந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். நம்மூரில் அப்போது சாயங்காலம். தாள், தழும்பு, கொர்னேலியு எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், "காசு கொடுத்து வாங்கினவங்களையுமா சேர்த்துக்கிட்டாங்க?" என்றார். ஆமாம் சித்தப்பா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"படி நிறைய இருக்குமா? முட்டி வலிக்காரன் இறங்க முடியுமா?"

"அம்மாவே இறங்கிட்டாங்க சித்தப்பா."