மூலையில மிஞ்சின நாலு பிளாக்

சுற்றளவு பரப்பளவுன்னு நோட்ட எடுத்தாலே பொண்ணுக்கு கொட்டாவி வந்துரும், நாலாங்கிளாஸ். நேத்து மைன்கிராஃப்ட்ல (சதுர பிளாக்க அடுக்கி கட்டுற வீடியோ கேம்) வீடு கட்டிட்டு இருந்தா, சும்மா பக்கத்துல போய் உக்காந்து, வெளிப்பக்கம் 7க்கு 5 வர்ற வீட்டுக்கு சுவர் ஒரு வரிசைக்கு எத்தன பிளாக்டா வேணும்னு கேட்டேன். ஏழும் அஞ்சும் பன்னெண்டு, டபுள் பண்ணா 24ன்னு டக்குனு சொல்லிட்டா. கட்டி முடிச்சா கையில 4 மிச்சம்! கேம்தான் தப்புன்னு எங்கிட்ட சண்டை வேற. அப்புறம் ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்துட்டு "அப்பா, மூலைய ரெண்டு தடவ எண்ணிட்டேன்பா"ன்னா பாருங்க, அந்த மூஞ்சிய போட்டோ எடுக்காம விட்டுட்டேன்.

அப்புறம் அவளே ஓட ஆரம்பிச்சிட்டா. ஒரு வரிசைக்கு 20, உயரம் 4ன்னா 80 பலகை பிளாக், ஒரு ஸ்டாக்ல (கேம் பையில ஒரு கட்டத்துல அடுக்குறது) 64தான் நிக்கும், மீதி 16 அடுத்ததுல. ஒரு மரத்துண்டுக்கு 4 பலகை, அப்ப 20 துண்டு வெட்டணும். உள்ள தரை 5க்கு 3, வெறும் 15தான். கதவுக்கு 2 கழிக்க மறந்தது நான்தான் (கணக்குல நான் எப்பவும் இப்படித்தான்).

ஒரு பிளாக் ஒரு மீட்டர்னு சொன்னதும் டேப்ப தூக்கிட்டு ஹால அளக்கப் போயிட்டா. இப்ப வட்டமா கிணறு வேணுமாம், சதுர பிளாக்க வச்சு எப்படிப்பா வட்டம்ங்கிறா. தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்கப்பா, ராத்திரிக்குள்ள பதில் வேணுமாம்.