பாலேயும் படிப்பும்: முதலில் டைம்டேபிளைக் கேளுங்கள்

போன வாரம் கடைசி முடிவும் வந்துவிட்டது. மகள் இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஜேக்கப்ஸ் இசைப்பள்ளியில் பாலே படிக்கப் போகிறாள், கூடவே உயிரியல். ஒரு வருடமாக நெஞ்சில் இருந்த கனம் இறங்கியிருக்கிறது. நியூ ஜெர்சியில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பெண்கள் பரதம்தான் ஆடுகிறார்கள். இதைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பி.ஏ.யில் நடனத்தோடு மற்ற படிப்பும் நிறைய, பி.எஃப்.ஏ.யில் பெரும்பாலும் நடனமே. இந்த வித்தியாசம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நாங்கள் தடுக்கியது வேறு இடத்தில். கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடியில் நல்ல மதிப்பெண், ஆகவே தரவரிசையில் மேலே இருந்த கல்லூரிகளாகப் பார்த்துப் பட்டியல் போட்டேன். ‘டபுள் மேஜர் (இரண்டு முதன்மைப் பாடங்கள்) தாராளமாகச் செய்யலாம்’ என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். அக்டோபரில் ஒரு கல்லூரிக்கு நேரில் போனோம். அங்கே மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் மகள் டைம்டேபிளைக் காட்டச் சொன்னாள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேபும் பாலே வகுப்பும் ஒரே மதியத்தில். அந்தப் பெண் அறிவியலை எப்போதோ விட்டிருந்தாள். திரும்பும்போது காரில் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று இரவே பட்டியலில் பாதியை அடித்தோம்.

இண்டியானாவில் பாலேயும் வெளித்துறை ஒன்றும் சேர்ந்ததே ஒரு பி.எஸ். பட்டம். அப்படியிருந்தும் இரண்டு மாணவிகளின் டைம்டேபிளைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. எதையும் கண்ணால் பார்த்தால்தான் என் மனம் ஒப்பும். அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆடும் நட்கிராக்கர் பாலேவுக்கு மாணவர் ஆர்கெஸ்ட்ராவே நேரில் வாசிக்கிறது. அதைக் கேட்டதும் இவள் முடிவு செய்துவிட்டாள்.

நியூயார்க்கில் இருக்கும் பெண்கள் கல்லூரியான பார்னார்டும் பிடித்திருந்தது. நடனத்தில் பி.ஏ., பக்கத்தில் கொலம்பியாவில் மாணவர்களே நடத்தும் பாலே குழு, வெளியே நியூயார்க் ஸ்டூடியோக்கள். வாரம் முழுக்க மேடைக்காகவே ஆட வேண்டும் என்ற பிள்ளைக்கு அது போதாது என்பது என் எண்ணம்.

கேட்க வேண்டியவை:

- போன செமஸ்டர் டைம்டேபிள். ஆசிரியரிடம் அல்ல, மாணவரிடம்.
- வாரத்தில் எத்தனை நாள் பாலே? பாயிண்ட் (கால்விரல் நுனியில் நின்று ஆடுவது) வகுப்பு தனியாக உண்டா? படிப்புக்குப் பேர்போன பல கல்லூரிகளில் நடனத்துறை என்றால் பாலே அல்ல, மாடர்ன் நடனம்தான்.
- காயம் பட்டு ஒரு செமஸ்டர் ஆடாவிட்டால் உதவித்தொகை நிற்குமா?
- ஹார்வர்டு, கொலம்பியா போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களில் மெரிட் (திறமைக்காகத் தரும்) உதவித்தொகையே கிடையாது. பணக்கணக்கை முதலிலேயே போடுங்கள்.

எர்லி டிசிஷன், அதாவது இடம் கிடைத்தால் அங்கேயே சேருவதாக ஒப்புக்கொண்டு ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது, எங்களுக்குச் சரிப்படவில்லை. பெரும்பாலான ஆடிஷன்கள் (நேரில் ஆடிக் காட்டும் தேர்வுகள்) ஜனவரி, பிப்ரவரியில்தான். அவற்றைப் பார்க்கும் முன்பே ஒரு கல்லூரிக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும்.

விண்ணப்பக் கட்டுரைகளை ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். டிசம்பர் முழுக்க நட்கிராக்கர், ஜனவரி 1 பல கல்லூரிகளின் விண்ணப்பக் கெடு. நடுவில் பிள்ளை தூங்கவே மாட்டாள். ஆடிஷனுக்கு அழைக்கும் முன் கல்லூரி கேட்கும் ப்ரீஸ்கிரீன் வீடியோவை நாங்கள் ஒத்திகை உச்சத்தில், நவம்பரில் எடுத்தோம். கணுக்கால் வீங்கியிருந்தது வீடியோவிலேயே தெரிந்தது. செப்டம்பரில் எடுத்திருக்க வேண்டும்.

அப்புறம், பிப்ரவரி ஆடிஷனுக்கு முந்தின நாளே போய்ச் சேருங்கள், பனியில் விமானம் ரத்தாகும். ஏற்கெனவே பழக்கிய பாயிண்ட் ஷூ இரண்டு ஜோடியைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு அனுப்பவே அனுப்பாதீர்கள்.