ஓரத்தில் நிற்கும் பிக்சல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், 40 பீங்கான் கோப்பைகளின் படங்களை என்னிடம் கொடுத்தார்கள். எல்லாமே வெளிர் சாம்பல் பின்னணியில் எடுத்தவை. பின்னணியை நீக்கிவிட்டுக் கோப்பையை மட்டும் தனியே எடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் ஒரே நிறப் பகுதியை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும் மேஜிக் வாண்டால் ஒரு சொடுக்கு, டெலிட், அடுத்த படம். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்குப் போய் மூன்று நாள் ஒதுக்கியிருக்கிறார்களே என்று உள்ளுக்குள் ஓர் இளக்காரம் வேறு.

எங்கள் பிரிவைக் கவனித்துவந்த அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒன்றும் பேசாமல் கோப்பைக்குக் கீழே ஒரு புது லேயர் (அடுக்கு) போட்டு அதைக் கறுப்பால் நிரப்பினார். கருநீலக் கோப்பையைச் சுற்றி வெளிறிய வளையம் பளிச்சென்று தெரிந்தது.

"என்ன தம்பி, கப்புக்குக் கிரகணம் புடிச்சிருக்கு?"

அடுத்த படத்திலும் வளையம். அதற்கடுத்ததில் கைப்பிடி ஓட்டைக்குள் பழைய பின்னணி அப்படியே அடைத்துக்கொண்டு கிடந்தது. நாற்பதையும் முதலிலிருந்து செய்தேன். மூன்று நாள் போதவில்லை.

வளையம் எங்கிருந்து வந்தது என்பதைப் படத்தை 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். கோப்பை முடியும் இடத்தில் கோடு என்று எதுவும் கிடையாது. நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவே இரண்டு மூன்று பிக்சல்கள் இரண்டு நிறத்தையும் குழைத்து வைத்துக்கொண்டு நிற்கின்றன. பிக்சல் ஒரு குட்டிச் சதுரம். விளிம்பு அதன் குறுக்கே போனால் அதில் விழும் வெளிச்சம் கொஞ்சம் பொருளுடையது, கொஞ்சம் பின்னணியுடையது. அதை அப்படியே வைத்தால் வளையம் வரும். மொத்தமாக நீக்கினால் ஓரம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். அண்ணன் சொன்ன வழி எளிமையானது: ஒரு பிக்சல் உள்ளே தள்ளி வெட்டு, அரை பிக்சல் ஃபெதர் கொடு, அதாவது ஓரத்தை லேசாக மங்கவிடு. கோப்பை மயிரிழை அளவு இளைத்துப்போகும், அது யார் கண்ணிலும் படாது. சுத்தமாக வெட்டுவது என்றால் கூராக வெட்டுவது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பிறகு பென் டூல், புள்ளிகள் வைத்து வளைகோடு வரைந்து வெட்டும் கருவி. பழக எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. முதலில் நான் போட்ட பாத்தில், அதாவது அந்த வெட்டுக்கோட்டில், ஒரு கோப்பைக்கு 60 புள்ளிகளாவது இருக்கும், ஓரம் முழுக்க முண்டும் முடிச்சும். அண்ணன் அதே கோப்பைக்கு 12 புள்ளிகளில் முடித்தார். வாய்ப்பகுதியின் நீள்வட்டத்துக்கு நான்கே புள்ளிகள்: இட ஓரம், வல ஓரம், மேல், கீழ். வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்து மீதியை அந்தப் புள்ளியிலிருந்து நீளும் கைகளை இழுத்தே சரிசெய்ய வேண்டும். இந்த வளைவுக் கணக்கு கார் கம்பெனிகளில் பிறந்தது. சிட்ரோயனில் பால் தெ காஸ்தெல்ஜோவும் ரெனோவில் பியர் பெசியேயும் காரின் உடல் வளைவுகளை வரைய உருவாக்கியது. தெ காஸ்தெல்ஜோ அதை 1959-லேயே கண்டுபிடித்துவிட்டார், கம்பெனி வெளியே விடவில்லை, பெயர் பெசியேவுக்குப் போனது. எனக்கு இதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அண்ணனின் இடது கை ஆள்காட்டி விரலில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று இருக்கும். கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்தில் அவர் ரூபிலித் வெட்டியவர். தெளிவான பிளாஸ்டிக் தாளின் மேல் சிவப்புப் படலம் ஒட்டியிருக்கும். படத்தின் மேல் அதை வைத்து, அடித்தாளைத் தொடாமல் சிவப்பை மட்டும் பிளேடால் கீறி உரிக்க வேண்டும். அச்சுக்கான ஃபிலிம் சிவப்பு வெளிச்சத்தை உணராது என்பதால் சிவப்பு இருக்கும் இடம் அதற்குக் கறுப்பு. ஃபோட்டோஷாப்பில் தேர்ந்தெடுக்காத பகுதியை மூடிக் காட்டும் குவிக் மாஸ்க் ஏன் சிவப்பாக வருகிறது என்று ஒருநாள் கேட்டபோது இதைச் சொன்னார். "கை தப்புனா புது ஷீட்தான். உனக்கென்ன, கன்ட்ரோல் இசட் இருக்கு."

நானோ அந்த வசதியையும் வீணடித்துக்கொண்டிருந்தேன். எதையும் டெலிட் செய்யாமல் மாஸ்க் போட்டு மறைக்கப் பழகியது, ஒரு வாடிக்கையாளர் "அந்த நாற்காலியோட கால் ஒண்ணைக் காணோமே" என்று கேட்ட பிறகுதான். மாஸ்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், நடுவில் இருக்கும் சாம்பல்கள் அரைகுறையாகக் காட்டும். 8 பிட் மாஸ்கில் மொத்தம் 256 படிகள். ஓரத்துப் பிக்சலுக்குத் தேவைப்பட்டது இந்த அரைகுறைதான்.

தலைமுடிக்கு பாத் உதவாது. படத்தின் நிறங்களைத் தனித்தனியே வைத்திருக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனல்களில் முடிக்கும் பின்னணிக்கும் வேறுபாடு அதிகம் தெரிவதை நகலெடுத்து, வெளிச்ச அளவை மாற்றும் லெவல்ஸில் கறுப்பை இன்னும் கறுப்பாக்கி, வெள்ளையை இன்னும் வெள்ளையாக்கி அதையே மாஸ்க்காக மாற்றுவேன். எல்லா முடியையும் காப்பாற்ற முயல்வது வீண்வேலை. தனியாகப் பறக்கும் இழைகளில் பாதியை விட்டுவிட்டு, தேவைப்பட்டால் நாலைந்தைப் பிரஷ்ஷால் வரைந்துவிடுவேன். வரைந்ததுதான் அசல் மாதிரித் தெரியும்.

2018-ல் செலக்ட் சப்ஜெக்ட் வந்தது, படத்தில் உள்ள பொருளைத் தானே கண்டுபிடித்துத் தேர்ந்தெடுக்கும் வசதி. என் பிழைப்பு போயிற்று என்றார்கள் நண்பர்கள். நான் தினமும் அதைத்தான் முதலில் அழுத்துகிறேன். முக்கால்வாசி வேலையை முடித்துவிடுகிறது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளைக் கோப்பை என்றால் தடுமாறும். கைப்பிடி ஓட்டையை அவ்வப்போது அடைத்தும் வைக்கும், முதல் நாள் நான் செய்த மாதிரியே.

எந்தக் கருவியாலும் வெட்ட முடியாததை ஒரு ஸ்டீல் கெட்டிலில் பார்த்தேன். வெட்டுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தோடு அடர் நீலத் துணிக்கு முன்னால் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். பாத் அருமையாக வந்தது. கேட்டலாக்கின் வெள்ளைப் பக்கத்தில் வைத்தால் கெட்டில் வேறு வீட்டில் இருந்தது. வயிறு முழுக்க நீலம், மூடியில் நீலக் கீற்று. பின்னணியை வெளியே வெட்டினேன், அது உள்ளே உட்கார்ந்திருந்தது. நீலம் பட்ட இடங்களுக்கு மட்டும் மாஸ்க் போட்டு நிறத்தை உறிஞ்சி, சாம்பலாக்கி, பளபளப்பு செத்துப்போன இடத்தில் வெளிச்சக் கோடுகளை மறுபடி வரைந்து, அடியில் மெல்லிய நிழல் வைத்து முடிக்க ஒன்றரை நாள். நிழல் வைக்கும் வரை அது காற்றில் மிதந்துகொண்டிருந்தது என்பது தனிக்கதை. பளபளக்கும் பொருளென்றால் சாம்பல் துணிக்கு முன்னால் எடுக்கும்படி அன்றிலிருந்து முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கேட்டலாக் அச்சாகி வந்தது. அண்ணன் புரட்டிப் பார்த்துவிட்டு "நல்லாருக்கு தம்பி" என்றார். கெட்டிலின் மூக்குக்கு அடியில், உடம்போடு சேரும் மடிப்பில், நகக்கண் அளவுக்கு நீலம் மிச்சமிருந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.