ஆறு அறை, ஒரே குழல்: ரிவால்வர் நாட்குறிப்பு

மார்ச் 2

தோட்டாக்களைச் செருகும் சுழல் உருளையான சிலிண்டரின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் அறைகளுக்கு எண் போட்டேன், சுழன்று வரும் வரிசையிலேயே 1 முதல் 6 வரை. துப்பாக்கி .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவுக்கான ரிவால்வர், ஆறு அங்குலக் குழல். பிஸ்டலில் ஒரே ஒரு அறைதான். ரிவால்வரில் ஆறு அறைகளும் ஒவ்வொன்றாகச் சுழன்று வந்து ஒரே குழலுக்கு நேராக நிற்க வேண்டும். அளவிலும், நிற்கும் இடத்திலும் அறைக்கு அறை மயிரிழை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அதைத் தெரிந்துகொள்ளாமல் சுட்டால், தாளில் தெரியும் சிதறல் தோட்டாவால் வந்ததா, அறையால் வந்ததா என்று பிரித்தறியவே முடியாது. பலர் வெடிமருந்துப் பவுடரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

மார்ச் 4

இன்று அளவெடுப்பு. மென்மையான ஈயக் குண்டு ஒன்றைக் குழலுக்குள் தட்டி இறக்கி, மறுபக்கம் வந்ததும் மைக்ரோமீட்டரில் பிடித்தேன். குழலின் உட்சுவரில் குண்டைச் சுழற்றிவிடும் பள்ளங்களின் விட்டம் 0.357 அங்குலம். அப்புறம் அறைகளின் முன்பக்கம், குண்டு வெளியேறும் குறுகலான இடம், அதாவது த்ரோட். ஐந்து அறைகளில் 0.358 பின் கேஜ், அதாவது துளையின் அளவைச் சோதிக்கும் கம்பி, வழுக்கிக்கொண்டு இறங்கியது. 4ஆம் அறையில் 0.357கூட நுழையவில்லை, 0.356தான் போனது.

ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்தானே என்று விட முடியாது. 0.358 ஈயக் குண்டு அந்த த்ரோட்டைத் தாண்டும்போதே இளைத்துவிடும். இளைத்த குண்டு குழலில் பள்ளத்தை நிறைக்காது. இடுக்கு வழியே சூடான வாயு முந்திக்கொண்டு போகும், குண்டின் ஓரத்தை அரிக்கும், குழல் சுவரில் ஈயம் படியும். கடினமாக வார்த்த குண்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அது அழுத்தத்தில் மறுபடி விரிந்து கொடுக்காது. குண்டு த்ரோட்டுக்குச் சரியாக இருக்க வேண்டும், த்ரோட் பள்ளத்தைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது. ரிவால்வரில் ஈயக் குண்டு சுடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மார்ச் 8

ரீலோடிங் மேசை, அதாவது சுட்ட கூடுகளில் மறுபடி தோட்டா தயாரிக்கும் இடம். பித்தளைக் கூடுகளை ஒரே தயாரிப்பாகப் பிரித்தெடுத்து, நீளத்தையும் ஒன்றுபோல வெட்டிக்கொண்டேன். நீளம் மாறினால் வாய் மடிப்பு, அதாவது கிரிம்ப், மாறும். கிரிம்ப் மாறினால் குண்டை விடுவிக்கும் பிடி மாறும். குண்டு 148 கிரெய்ன் (சுமார் 9.6 கிராம்) எடையுள்ள வாட்கட்டர் வகை. முன்பக்கம் தட்டையானது என்பதால் தாளில் பஞ்ச் போட்டதுபோல் சுத்தமான வட்டம் விழும்.

பவுடர் அளவை இங்கே எழுத மாட்டேன். பவுடர் தயாரிப்பாளரின் கையேட்டில் அந்தக் குண்டுக்கு என்ன தொடக்க அளவு போட்டிருக்கிறதோ, அங்கிருந்துதான் யாரும் தொடங்க வேண்டும். இன்னொருவர் துப்பாக்கிக்குச் சரியாக இருந்த எண் உங்களுடையதற்கு ஆபத்தாகலாம்.

இந்தத் தோட்டா கரிமருந்துக் கால வடிவம். அதனால் கூடு பெரிது. புகையில்லாப் பவுடர் அதன் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரண்டு முறை கொட்டிவிட்டால்கூட வழியாது, வெளியே தெரியாது. அப்படி ஒரு தோட்டா சிலிண்டரையே பிளக்கும். எனவே பலகையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்த பிறகே குண்டு வைக்கிறேன். பவுடர் விழாத கூடும் இதில் அகப்படும். அது நழுவிப் போனால், பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். சுடும்போது சத்தம் மந்தமாகக் கேட்டால் அத்தோடு நிறுத்திவிட்டுக் குழலைப் பார்க்க வேண்டும். அடுத்ததைச் சுட்டால் குழல் போய்விடும்.

மார்ச் 9

பிரைமர் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். துருத்தி நின்றால் சிலிண்டர் சுழலாது. எல்லாம் அடிமட்டத்துக்குச் சற்று கீழேயே இருக்கின்றன.

மார்ச் 14

ரேஞ்ச். 25 மீட்டர், மணல் மூட்டை மேல் தாங்கல், ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்து வைத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷன். அறைக்கு ஒரு தாள் என்று தனித்தனியாகச் சுட்டேன். ஐந்து அறைகளின் குரூப்பும், அதாவது தாளில் துளைகள் விழுந்த கூட்டமும், 50 மில்லிமீட்டருக்குள் அடங்கின, தாளுக்குத் தாள் மையமும் அதிகம் நகரவில்லை. 4 மட்டும் தாழ்வாக இடப்பக்கம் விழுந்தது. பரவலும் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆறையும் ஒரே தாளில் சுட்டிருந்தால் இந்தத் தோட்டாவையே ஒதுக்கியிருப்பேன்.

இன்னொன்றையும் பார்த்தேன். குழலை முதலில் மேலே உயர்த்தி, பிறகு இறக்கிச் சுட்டால் பவுடர் பிரைமர் பக்கம் இருக்கும். கீழே தாழ்த்தி ஏற்றினால் குண்டுப் பக்கம் இருக்கும். குரோனோகிராஃபில் முதல் வகைக்கு வேகம் தெளிவாகக் கூடுதல். இனி ஒவ்வொரு முறையும் கை ஒரே மாதிரி, கீழிருந்து மேலே வந்து நிற்க வேண்டும். பெரிய கூட்டில் கொஞ்சம் பவுடர் போட்டுச் சுடுகிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

மார்ச் 15

குழலைத் துடைத்தேன். நுழைவாயில் மெல்லிய ஈயத் தகடு உரிந்து வந்தது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி 0.005 அங்குலம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 22

4ஆம் அறையின் த்ரோட்டை 0.358க்கு ரீமர் என்ற கருவியால் கடைந்து பெரிதாக்கிச் சரிசெய்யலாம் என்று துப்பாக்கி மெக்கானிக் சொல்லிவிட்டார். பெரிதாக இருந்திருந்தால் சரிசெய்ய வழியே இருந்திருக்காது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் நிதானச் சுற்று என்பது 5 நிமிடத்தில் 5 தோட்டா, பத்தாம் வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஐந்து நல்ல அறைகள் போதும். காலியான 4ஐக் குழலுக்கு நேராக வைத்துச் சிலிண்டரை மூடினால், சுத்தியலை இழுத்ததும் 5 வந்து நிற்கிறது. பிறகு 6, 1, 2, 3. இன்று அந்த வரிசையில், தாங்கல் இல்லாமல், ஒரு கையால் பயிற்சி. தோட்டாவை மாற்றவே இல்லை. இப்போது பத்தை விட்டு விலகுகிறவை என் விசை இழுப்பால் விலகுகிறவை. நாளை முதல் வெற்றுத் துப்பாக்கியில் விசைப் பயிற்சி.