அணுவுலைக்கு முன் சம்பூரைக் கேளுங்கள்

இலங்கைக்கு அணு மின்சாரம் வேண்டுமா என்ற பேச்சு மறுபடி தலைதூக்கியிருக்கிறது. திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் நான். கதிர்த்தொழிற்பாடு என்றதும் பதறுகிற ஆளில்லை. 2015 பெப்ரவரியில் டில்லியில் இந்தியாவோடு கையெழுத்தான அணுசக்தி ஒப்பந்தம் பயிற்சி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு, கழிவு மேலாண்மை பற்றியது. அதை நான் வரவேற்றேன்.

வெளிநாட்டு முதலீட்டில் உலை கட்டலாம் என்று கதை திரும்பும்போதுதான் எனக்கு எங்கள் மாவட்டத்து மூதூர் கிழக்கில் இருக்கும் சம்பூர் ஞாபகம் வருகிறது. 2006இல் அங்கிருந்து ஷெல்லடிக்குள் ஓடிய சனம் கிளிவெட்டி முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்தது. அவர்கள் அங்கே இருக்கும்போதே அவர்களுடைய ஊரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்ட மின்சார சபையும் இந்திய அரச மின் நிறுவனமான என்.டி.பி.சி.யும் ஒப்பந்தம் செய்தன. 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே இரண்டு நிறுவனங்களின் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் சம்பூரில் தொடக்கி வைக்கப்பட்டது. நிலக்கரிப் புகையைவிட இது எவ்வளவோ மேல், மறுக்கமாட்டேன். ஆனால் சம்பூரில் பிறந்த என் மனைவியின் பெரியப்பா இன்றைக்கும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, எங்களிட்ட ஆரும் ஒரு வார்த்தை கேட்டவையோ?" என்னிடம் பதில் இல்லை.

நிலக்கரி நிலையத்தைக் கைவிட்டால் நிலமாவது மிஞ்சும். உலையை அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது. அது ஓய்ந்த பிறகும் கதிர்வீசிக்கொண்டிருக்கும் எரிந்த எரிபொருளைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கவேண்டும். பங்களாதேஷின் ரூப்பூரில் ரஷ்யா இரண்டு 1200 மெகாவாட் உலைகளைக் கட்டுகிறது. செலவில் ஏறக்குறைய 90 சதவீதம் ரஷ்யக் கடன். எரிந்த எரிபொருளை ரஷ்யாவே திருப்பி எடுக்க உடன்பட்டிருக்கிறது. எங்களுக்கு அந்த உறுதியைத் தருவது யார்? விபத்து நடந்தால் சம்பூரை அண்டிய கொட்டியாரக் குடாவில் வலை போடுகிறவனுக்கு நட்டஈடு கொடுப்பது உலையை விற்றவனா, நடத்துகிறவனா, கடனில் மூழ்கிய எங்கள் அரசா? இந்தியா இதற்கென்று 2010இல் தனிச் சட்டமே போட்டது, அதன் பிறகும் வருடக்கணக்காக வழங்குநரின், அதாவது உலையை விற்றவரின், பொறுப்பைப் பற்றி வாதாடியது.

அப்புறம் மின்வலையமைப்பு. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது, நாடே இருண்டது. திடீரென நின்றால் வலையமைப்பு தாங்கவேண்டும் என்பதால், ஒரு தனி மின்பிறப்பாக்க அலகு முழு வலையமைப்பின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொறியியலாளர்களின் பொது விதி. எங்கள் உச்சத் தேவையே 3000 மெகாவாட்டுக்குள்தான். ரூப்பூர் அளவு உலை இங்கே பொருந்தாது. சிறிய உலை என்றால், வேறொரு நாட்டில் பல வருடம் ஓடிக்காட்டிய வகையாக இருக்கவேண்டும். எங்கள் கரையைப் பரிசோதனைக்கூடமாக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

எந்தக் கரையைத் தெரிவு செய்தாலும் கடன் நிபந்தனை, நட்டஈட்டுப் பொறுப்பு, எரிந்த எரிபொருள் போகுமிடம் மூன்றையும் கையெழுத்துக்கு முன் தமிழில் அச்சிட்டு அந்தப் பிரதேச செயலகத்தில் வையுங்கள். பெரியப்பாவுக்கு நான் வாசித்துச் சொல்கிறேன்.